கேக்காமத் தூக்குன பிள்ளை

அந்தப் பிள்ளைய நான் தள்ளுவண்டியிலேருந்து தூக்குறேன், கடைக் கதவு படார்னு திறக்குது, உள்ளேருந்து ஒரு பொம்பள கத்திக்கிட்டே ஓடி வர்றா. அவ்வளவுதாங்க. அந்த ஒரு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் என்னங்க செஞ்சேன்? அழுத பிள்ளையத் தூக்குனேன். இப்ப உங்க பிள்ளையத் தூக்கி மடியில வச்சிருக்கேன்ல, இதே மாதிரித்தான். நீங்க கத்துனீங்களா? அம்மாபேட்டையில ஏறுனீங்க, ஒரு கையில பை, ஒரு கையில பிள்ளை, பஸ்ஸுல நிக்க இடமில்ல, நான் கைய நீட்டி வாங்கிக்கிட்டேன். நீங்க குடுத்தீங்களா, நானா வாங்குனேனான்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. நம்ம ஊர்ல அது அப்படித்தானே.

அங்க அப்படி இல்லையாம்.

அங்கன்னா டென்மார்க்குங்க. எங்க அக்கா பொற்கொடி கல்யாணமாகி அங்கதான் போச்சு. அத்தானுக்கு காத்தாடி வச்சு கரண்ட் எடுக்குற கம்பெனியில வேலை. என் பேரு செங்கொடி. சிரிக்காதீங்க, எங்கப்பா விவசாய சங்கத்துல இருந்தவரு, இந்த மட்டுக்கும் விட்டாரேன்னு நாங்க சந்தோஷப்பட்டுக்குறோம். திருவாரூர்ல ஒரு ஸ்கூல்ல எல்கேஜி மிஸ்ஸா இருக்கேன். அதான் சொல்றேன், பிள்ளைங்கள எப்படிப் பாத்துக்கணும்னு எனக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். எவன் ஒண்ணுக்கு வருதுன்னு நெளியுறான், எவ பக்கத்துல இருக்குறவளக் கடிக்கப் போறா, மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன்.

இல்லல்ல, இருக்கட்டும். நானே வச்சுக்குறேன். கனமே இல்ல இவன்.

அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். அம்மாதான் போயிருக்கணும். அம்மாவுக்கு சர்க்கரை, முட்டி வலி, அந்தக் குளிருக்குப் போனா நேரா ஆஸ்பத்திரிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால நான் போனேன். லேகியம், சுக்கு, பூண்டு, பத்தியப் பொடி, சாம்பிராணி எல்லாம் கட்டிக்கிட்டு. போன அன்னைக்கே சாம்பிராணி போட்டேன். வீட்டுக் கூரையில ஒரு வட்டமா என்னமோ ஒட்டியிருந்துச்சு, அது பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. அத்தான் நாற்காலி மேல ஏறி டவல வச்சு வீசுறாரு, பக்கத்து வீட்டுக் கிழவரு கதவத் தட்டுறாரு, அக்கா தலையில துணியக் கட்டிக்கிட்டு காதுல பஞ்சோட உக்காந்து சிரிக்குது. அப்ப சிரிச்சுச்சு. அதையும் சொல்லணும்ல. அப்பல்லாம் என்கிட்ட சிரிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

மூத்தவ பேரு நிறைமதி. மதி, மதின்னு கூப்புடுவோம். ஆறு வயசு. இந்த மதிதான் எனக்கு எல்லாம். அவ பொறந்தப்ப போட்டோவ பாத்துட்டு நான் அழுத அழுகை இருக்கே! வாட்ஸப்புல பாத்துப் பாத்தே வளத்தேன்னு வச்சுக்குங்களேன். ஏரோப்ளேன்லேருந்து இறங்கி அவளப் பாத்த உடனே ஓடிப் போயி அப்படியே அள்ளித் தூக்கி, கன்னத்தக் கிள்ளி, முத்தம் குடுத்தேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? சட்டைக் கைய இழுத்து கன்னத்தத் தொடைச்சா. எச்சியாம்!

நான் ஒண்ணும் நினைக்கல. பிள்ளை பழகல, பழகிட்டா சரியாயிடும். எங்க கிளாஸ்ல முதல் நாள் எல்லாம் அப்படித்தான். ஒரு வாரத்துல காலக் கட்டிக்கிட்டு விடாதுங்க.

இவ பழகவே இல்லைங்க.

காலையில ஸ்கூலுக்குக் கிளம்புவா. அந்த ஊர்ல குளிருக்கு ஒரு சட்டை, அதுக்கு மேல ஒண்ணு, அதுக்கு மேல மெத்தை மாதிரி ஒண்ணு. எல்லாத்தையும் அவளே போட்டுக்குவா. ஜிப்ப இழுக்க அவ படுற பாடு! நாக்க வெளிய நீட்டிக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு. அக்கா பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். ஒரு கை வச்சா ஒரு நொடி. வைக்காதாம். நான் போயி டக்குன்னு இழுத்து விட்டேன். மதி என்னைப் பாத்தா, ஜிப்ப மறுபடி கீழ வரைக்கும் இறக்கிட்டு, முதல்லேருந்து ஆரம்பிச்சா.

"என்னக்கா இது, இவ்ளோ அழுத்தம்?"ன்னு கேட்டேன்.

"அது அழுத்தம் இல்லடி. அவளுக்குத் தெரியும், விடு."

"தெரிஞ்சா? நாம எதுக்கு இருக்கோம்?"



நம்ம ஊர்ல எப்படி சொல்லுங்க? எங்க ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் படிக்கிற பையனுக்கே மத்தியானம் அம்மா வந்து கேட்டுக்கு வெளிய நிக்குது. இவன் உள்ள நின்னு வாயத் திறக்குறான், அது கம்பி வழியா கைய விட்டு ஊட்டுது. பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும். அங்க மதி கத்தி வச்சு வெள்ளரிக்காய் நறுக்குறா! நிஜக் கத்தி! நான் புடுங்கி ஒளிச்சு வச்சேன். ராத்திரி சாப்பாட்டுல அத்தான் "கத்தி எங்க?"ன்னு தேடுறாரு.

அத விடுங்க. ஸ்கூலுக்குத் தனியாப் போறா. தனியா! ரெண்டு தெரு தாண்டி, ஒரு பெரிய ரோட்டத் தாண்டி. மஞ்சக் கலர்ல மின்னுற ஒரு சட்டைய மேல மாட்டிக்கிட்டு டொக்கு டொக்குன்னு நடந்து போறா. அவ தெரு முனை திரும்புற வரைக்கும் நான் ஜன்னல்ல நின்னு பாக்குறேன். அக்கா தம்பிப் பாப்பாவுக்குப் பால் குடுத்துக்கிட்டு அது பாட்டுக்கு இருக்கு. மறுநாள்லேருந்து நான் கூடப் போக ஆரம்பிச்சுட்டேன். அவ பைய நான்தான் தூக்குவேன். புடுங்குவா, விடமாட்டேன். கையப் புடிச்சுக்குவேன், உருவுவா, விடமாட்டேன். வழியில அவ ஃப்ரெண்டுங்க பாத்து என்னமோ சொல்லிச் சிரிக்கும். நானும் சிரிச்சு டாட்டா காட்டுவேன். நல்ல பிள்ளைங்க.

பிஸ்கட் ஒண்ணு குடுக்கட்டுங்களா இவனுக்கு? ரொட்டி பிஸ்கட்டுதான். டாக்டர் வேணாம்னாரா? அட, ஒரு ஓரத்தச் சப்பிக்கிட்டு இருப்பான், ஒண்ணும் ஆகாது. பாருங்க, எப்படி சிரிக்கிறான் பாருங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

அன்னைக்கு ஸ்கூல் விட்டு மதியக் கூட்டிக்கிட்டு வர்றேன். வழியில ஒரு ரொட்டிக் கடை. கடைக்கு வெளிய, செவுத்து ஓரமா, மூணு தள்ளுவண்டி நிக்குது. மூணுலயும் பிள்ளைங்க. கைப்பிள்ளைங்க! ஆள் யாரும் இல்ல. வாயில ஊதுனா புகை வருதுங்க, அந்தக் குளிர்ல. பெத்ததுங்க எங்கன்னு பாத்தா, கண்ணாடிக்கு உள்ள உக்காந்து காப்பி குடிக்குதுங்க! அந்த ஊர்ல அப்படித்தானாம். வெளிக்காத்துல தூங்குனாதான் பிள்ளைக்கு நல்லதாம். அக்கா முன்னாடியே சொல்லியிருக்கு. நான் நம்பல. கண்ணால பாத்தப்பவும் நம்ப முடியல. தக்காளிய வண்டியில போட்டுட்டு டீ குடிக்கப் போனாக்கூட நம்மாளு திரும்பித் திரும்பிப் பாப்பான்.

அதுல நடு வண்டியில இருக்குற பிள்ளை அழ ஆரம்பிச்சிருச்சு. முதல்ல முனகல். அப்புறம் வீல்னு ஒரு கத்து. எட்டிப் பாக்குறேன், மூக்கு நுனி செவப்பா கெடக்கு, கைய கைய ஆட்டுது. ரோட்டுல ஆளுங்க போறாங்க வர்றாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர் திரும்பிப் பாக்கணுமே! நம்ம பஸ்ஸுல ஒரு பிள்ளை இப்படிக் கத்துனா என்ன ஆகும்? முன்னாடி சீட்டு ஆயா திரும்பும், கண்டக்டர் விசில ஊதிக் காட்டுவாரு, யாராவது சாவிக்கொத்த எடுத்து ஆட்டுவாங்க. அங்க நாய் கூட திரும்பல.

மதி என் கைய இழுத்தா. "சித்தி, தொடாத."

"அழுவுதுடி!"

"அது அவங்க பாப்பா. உள்ள போயி சொல்லணும்."

"சொல்றதாம். சொல்லிட்டு அவங்க காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் அது அழுவணுமா? நீ இங்கயே நில்லு."

குனிஞ்சேன், தூக்குனேன். தோள்ல போட்டேன். முதுகத் தடவுனேன். நம்புனா நம்புங்க, டக்குன்னு அழுகைய நிறுத்திருச்சு. அந்தச் சூடு, கழுத்துல அந்த மூச்சு... எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. குளிருமேன்னு சும்மா ஆட்டிக்கிட்டே வண்டியிலேருந்து ரெண்டு எட்டு தள்ளி வெயில் பட்ட பக்கமா நகந்தேன்.

அப்பதான் கதவு திறந்துச்சு.

அந்தப் பொம்பள போட்ட சத்தம் இருக்கே! எங்க தெருவுல ஒரு தடவை மாடு முட்டி ஒருத்தர் செத்தப்ப அவரு சம்சாரம் போட்டுச்சு, அந்தச் சத்தம். ஓடி வந்து என் கையிலேருந்து பிள்ளையப் புடுங்குறா. பிள்ளை பயந்துபோயி மறுபடி கத்துது. நாயப் புடிச்சுக்கிட்டுப் போன ஒரு ஆளு எனக்குக் குறுக்க வந்து நின்னுக்கிட்டாரு, ஆறடி இருப்பாரு, போன எடுத்துக் காதுல வைக்கிறாரு. "பேபி ஹங்க்ரி! பேபி கோல்டு! ஐ டீச்சர்!"ங்குறேன். எனக்கு வந்த இங்கிலீஷ் எல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. சுத்தி ஆள் கூடிருச்சு. பிள்ளை அழுதப்ப ஒருத்தரும் வரல, இப்ப அத்தனை பேரும் வந்துட்டாங்க. அந்தம்மா பிள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அதோட கையி, காலு, தலை எல்லாம் தடவித் தடவிப் பாக்குது. நான் என்னமோ பிச்சுத் தின்னுட்ட மாதிரி.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. நான் சின்னப் பிள்ளையில திருவாரூர் தேருல தொலைஞ்சு போனவ. அந்தக் கூட்டத்துல ஒருத்தரு என்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டாரு. யாரு எவருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பஞ்சுமிட்டாய் வாங்கிக் குடுத்து, மைக்குல சொல்ற இடத்துல கொண்டுபோயி விட்டாரு. எங்கம்மா ஓடி வந்து முதல்ல என்னைத் தொடல, அவரு கால்ல விழுந்துச்சு. கால்லங்க! இங்க போலீசுக்குப் போன் போடுறாங்க.

சரி, பாஷை தெரிஞ்சவ மதிதானே, அவள விட்டு சொல்லச் சொல்லலாம்னு திரும்புறேன். "மதி, சொல்லுடி, பாப்பா அழுதுச்சுன்னு சொல்லுடி."

மதி இல்ல.

நின்ன இடத்துல இல்ல. வண்டிக்குப் பின்னாடி இல்ல. ரோட்டுல மஞ்சச் சட்டையே இல்ல. "என் பிள்ளை! மை சைல்டு! கேர்ள்! நோ!"ன்னு கத்துறேன். அந்த நாய்க்கார ஆளு நிதானமா கேக்குறாரு, "ஹவ் ஓல்டு?" ஆறுன்னு விரலக் காட்டுனேன். அவரு மூஞ்சியில இருந்த இறுக்கமே போயிருச்சு. "ஆ, சிக்ஸ்"ங்குறாரு. "ஷி இஸ் கான் ஹோம்"ங்குறாரு. வீட்டுக்குப் போயிருப்பாளாம்! கேக்குறீங்களா? வண்டியில பத்திரமா கெடந்த பிள்ளைக்கு போலீசு. காணாமப் போன பிள்ளைக்கு, ஆ, சிக்ஸ்.

நான் ஓடுனேன். அவரு பின்னாடி என்னமோ கத்துனாரு, நிக்கல. அந்தப் பெரிய ரோட்டத் தாண்டுறப்ப ஒரு கார்க்காரன் பிரேக்கப் போட்டு நின்னான். மதி இதத் தாண்டியிருப்பாளா, தாண்டியிருப்பாளான்னு ரோட்டப் பாக்குறேன், ஓரத்துல வாய்க்கா மாதிரி கெடக்குற பள்ளத்தப் பாக்குறேன், மனசு என்னென்னவோ சொல்லுது. கோட்டுக்குள்ள வேற என்னமோ விட்டு விட்டு நடுங்குது. என் நெஞ்சுதான் அடிச்சுக்குதுன்னு நினைச்சேன்.

அக்கா கதவத் திறந்துச்சு. தலையில துணி, காதுல பஞ்சு, தோள்ல தம்பிப் பாப்பா.

"மதி வந்துட்டாளா?"

"உன்கூடத்தானே வரணும்?"

"வரலையா?"

"செங்கு, மதி எங்க?"

நான் திரும்பி ரோட்டப் பாக்குறேன். ஆறு வயசுப் பிள்ளையத் தனியா ரோட்டுல விட்டுட்டு அசராம உக்காந்திருந்த எங்க அக்கா, "அவளுக்குத் தெரியும், விடு"ன்னு சொன்ன எங்க அக்கா, அப்படியே எங்கம்மா மாதிரி ஆயிருச்சுங்க. "அடியே, என் பிள்ளை எங்கடி! என்னடி செஞ்ச!" பாப்பாவ என் கையில திணிச்சுட்டு செருப்புக் கூட இல்லாம வாசலுக்கு ஓடுது, திரும்பி உள்ள ஓடி வருது, மேசையப் பாக்குது, மெத்தையப் புரட்டுது.

"என் போன் எங்க? செங்கு, என் போன்!"

போனா. போன் என்கிட்டதாங்க இருந்துச்சு. கோட்டு பாக்கெட்டுல. பிள்ளை பெத்தவ போன் பாக்கக் கூடாதுல்ல? கண்ணு கெட்டுப்போகும், தலைவலி புடிச்சா சாகுற வரைக்கும் விடாது. அம்மா படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்புச்சு. அக்கா எங்க கேக்குது, பால் குடுக்கும்போதும் ஒரு கையில போன். அதனால தினம் நான் வெளிய கிளம்புறப்ப, சத்தத்த நிறுத்திட்டு கமுக்கமா எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். வந்ததும் தலகாணிக்கு அடியில வச்சிடுவேன். அது தூங்கி எந்திரிக்கிற நேரத்துக்குள்ள. நல்லதுக்குத்தானே? சொல்லுங்க, நல்லதுக்குத்தானே?

எடுத்துக் குடுத்தேன். தெரியாத நம்பர்லேருந்து மிஸ்டு கால். மேல மேல மிஸ்டு கால். அக்கா என்னையும் போனையும் மாறி மாறிப் பாத்துச்சு. அந்த நம்பருக்கு அடிச்சுச்சு. அவங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசுச்சு. அப்புறம் அப்படியே செவுத்துல முதுக வச்சு வழுக்கித் தரையில உக்காந்துருச்சு.

"எங்கக்கா இருக்கா?"

"ரொட்டிக் கடையில."

அதே கடையிலங்க! நான் எந்த வாசல்ல நின்னு கத்துனேனோ அதுக்கு உள்ள! நான் குனிஞ்சு பிள்ளையத் தூக்குறப்பவே, இவ கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போயி, 'நடு வண்டிப் பாப்பா அழுவுது'ன்னு சொல்லியிருக்கா. அங்க அதான் வழக்கமாம். அழுதா தொடக்கூடாது, உள்ள போயி சொல்லணும். அதக் கேட்டுத்தான் அந்தப் பொம்பள எந்திரிச்சு வந்திருக்கு. ஆக, என்னை மாட்டிவிட்டது யாரு? எங்க அக்கா பெத்த பிள்ளை! அப்புறம் வெளிய கத்துறாங்க, ஆள் கூடுது, சித்திய யாரோ திட்டுறாங்க. இவளுக்கு பயம். ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்களாம், கூட வந்த பெரியவங்களுக்கு எதாவது ஆயிட்டா கடைக்குள்ள போயி கல்லாவுல இருக்குறவங்ககிட்ட அம்மா நம்பரச் சொல்லணும், அங்கயே உக்காந்திருக்கணும், நகரக் கூடாதுன்னு. இவ நம்பரச் சொல்லிட்டு உக்காந்துட்டா. கடைக்கார அம்மா போன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கு.

என் பாக்கெட்டுல.

அட, வாங்க, அந்த சீட்டு காலியாச்சு பாருங்க, உக்காருங்க. பிள்ளை இங்கயே இருக்கட்டும். தூங்குற மாதிரி இருக்கான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் எங்கயும் எடுத்துக்கிட்டு ஓடிட மாட்டேங்க!

அத்தானுக்கு சொல்லிட்டு, பாப்பாவ வண்டியில போட்டுக்கிட்டு, அக்கா நடக்குது. பச்ச உடம்பு, காதுல பஞ்சோட. நான் வண்டியப் புடிக்கிறேன்னு கைய வச்சேன். "வேணாம்"னுச்சு. அந்த ஒரு வார்த்தைதான்.

கடையில போயிப் பாக்குறோம். ஒரு போலீஸ்காரம்மா கண்ணாடி ஓரமா நின்னு காப்பி குடிக்குது. என்னப் பாத்து, வாங்க வாங்கங்குற மாதிரி தலைய ஆட்டுது. புடிச்சு ஜீப்புல ஏத்தும்னு நான் நடுங்கிக்கிட்டுப் போறேன், அது எனக்கு நாற்காலி இழுத்துப் போடுது. மதி ஒரு நீட்டு பெஞ்சுல உக்காந்திருக்கா. முன்னாடி தட்டுல பாதி தின்ன ரொட்டி. அவ மடியில, அந்தப் பிள்ளை.

அதே பிள்ளைங்க! நடு வண்டிப் பிள்ளை! நான் தூக்குனதுக்கு ஊரே கூடுச்சே, அந்தப் பிள்ளை, மதி மடியில கெடந்து அவ ஜிப்பப் புடிச்சு இழுத்து விளையாடிக்கிட்டு இருக்கு. அதப் பெத்தவ பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கு.

"எப்படிடி குடுத்தாங்க உன்கிட்ட?"ன்னு கேட்டேன். முதல்ல அதத்தான் கேட்டேன். அவள அணைச்சுக்கணும்னு நினைச்சேன், மடியில பிள்ளை இருக்கே.

"கேட்டேன் சித்தி. குடுத்தாங்க"ன்னா.

அக்கா அந்தப் பொம்பளகிட்ட என்னமோ சொல்லுச்சு. அந்தப் பொம்பள என்னைப் பாத்துச்சு. மறுபடி அக்கா என்னமோ சொல்லுச்சு. என் பேரு மட்டும் ரெண்டு தடவை வந்துச்சு. அந்தப் பொம்பள எந்திரிச்சு வந்து என் கையத் தொட்டு மெதுவா ஒண்ணு சொல்லுச்சு. என்னன்னு அக்காவக் கேட்டேன்.

"அவங்க பயந்துட்டாங்களாம். கத்துனதுக்கு மன்னிக்கணுமாம்."

"பாத்தியா, தப்புன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க"ன்னேன்.

அக்கா கண்ண மூடித் திறந்துச்சு. "செங்கு, அந்தப் போன நீ எடுத்துக்கிட்டுப் போகாம இருந்திருந்தா, அஞ்சு நிமிஷத்துல இது முடிஞ்சிருக்கும். என் பிள்ளை செத்துட்டான்னு நினைச்சேன்டி நான். என் வீட்டுல, என் போன, என்கிட்ட கேக்காம."

"உன் கண்ணுக்காகத்தானக்கா!"

"கேட்டியா?"

இது என்னங்க பேச்சு? அக்கா கண்ணு கெடக் கூடாதுன்னு அக்காகிட்டயே பர்மிஷன் வாங்கணுமா? எங்கம்மா எங்கள வளத்தப்ப எதையாவது கேட்டுச்சா? மூக்க அமுக்கிப் புடிச்சு வாயில வெளக்கெண்ணெய ஊத்துச்சு. கேட்டுட்டா ஊத்துச்சு? இதே பொற்கொடி அக்கா அலறிக்கிட்டு ஓடும், அப்பாவே துரத்திப் புடிச்சுக் குடுப்பாரு. இப்ப அது டென்மார்க்குக்காரி ஆயிருச்சு.

வீட்டுக்குத் திரும்புறப்ப ஒரு பக்கம் அக்கா வண்டியத் தள்ளுது, நடுவுல மதி, இந்தப் பக்கம் நான். நான் கைய நீட்டுனேன். மதி என் கையப் பாத்தா. பாத்துட்டு, தன் ரெண்டு கையையும் கோட்டு பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டா. குளிரு. அந்த ஊர்ல ரொம்பக் குளிருங்க.

ரெண்டு நாள் கழிச்சு அத்தான் காப்பி போட்டுக் குடுத்து, "நாங்க சமாளிச்சுக்குவோம்மா, உனக்கும் ஸ்கூல் இருக்கும்ல"ன்னாரு. டிக்கெட்ட முன்னாடி மாத்தியாச்சாம். அதையும் என்னக் கேட்டா மாத்துனாங்க? அத மட்டும் யாரும் கேக்கமாட்டாங்க. தம்பிப் பாப்பாவுக்குத் தலை நிக்குறதக் கூட பாக்காம வந்துட்டேன்.

ஏர்போர்ட்டுல மதி எனக்கு முன்னாடி வந்து நின்னா. தூக்கப் போறேன்னு நினைச்சாளோ என்னமோ, ஒரு எட்டு பின்னால தள்ளித்தான் நின்னா. "சித்தி, நீ வழியில தொலைஞ்சுபோனா என்ன செய்யணும்?"னு கேக்குறா! என்னை! எல்கேஜி மிஸ்ஸ!

"என்ன செய்யணும்?"

"கடைக்குள்ள போ. கல்லாவுல இருக்குறவங்ககிட்ட அம்மா நம்பரச் சொல்லு. நகராத. சொல்லு, அம்மா நம்பர் என்ன?"

எனக்குத் தெரியல. போன்ல பேரு போட்டுத்தானே வச்சிருக்கோம், யாருக்குங்க நம்பர் தெரியும்? அவ விடல. ஒவ்வொரு நம்பரா சொல்ல வச்சா. நான் தப்பா சொன்னா தலைய ஆட்டி முதல்லேருந்து. அந்த ஜிப்ப இழுக்குறாளே, அதே மாதிரி. முழுசா சொல்லி முடிச்சதும் "குட்"னா. அவ்வளவுதான். முத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் உள்ள போயி கண்ணாடி வழியா பாக்குறேன், இன்னும் அங்கயே நிக்குறா. நகரவே இல்ல. அத்தான் கூப்புடுறாரு, வரமாட்டேங்குறா. நான் மறையுற வரைக்கும் நின்னா.

இன்னைக்கு வர்றாங்க. நாலு பேரும். திருச்சி ஏர்போர்ட்டுக்குத்தான் போயிக்கிட்டு இருக்கேன். வேன் சொல்லியாச்சு, அம்மா அதுல வருது, எனக்குப் பொறுக்கல, காலையிலயே பஸ் ஏறிட்டேன். நேத்து அக்கா மெசேஜ் அனுப்பியிருக்கு. "வா. ஆனா பிள்ளைங்களத் தூக்குறதுக்கு முன்னாடி கேளு." வேற ஒண்ணுமில்ல. வர்றதுக்கும் ஒரு கண்டிஷன். சரி, கேக்குறேன். மதிகிட்ட கேக்கலாம், பெரிய மனுஷி, பதில் சொல்லுவா. என்ன சொல்லுவான்னுதான் எனக்குப் பயமா இருக்கு. வேணாம்னுட்டா? அத்தனை பேருக்கு முன்னாடி, அம்மாவுக்கு முன்னாடி, வேணாம் சித்தின்னுட்டா நான் கைய எங்கங்க வச்சுக்கிறது? ஊர்லேருந்து சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். மதி, சித்தி தூக்கட்டுமா? மதிக்குட்டி, சித்தி தூக்கலாமா? எப்படிச் சொன்னாலும் கடையில போயி கடன் கேக்குற மாதிரியே இருக்கு.

என்னது, வல்லமா? அதுக்குள்ளயா? இறங்கணுமா நீங்க? இருங்க, இருங்க, பஸ் நிக்கட்டும். தூங்கிட்டான் பாருங்க, என் துப்பட்டாவ எப்படி இறுக்கிப் புடிச்சிருக்கான். நீங்க அம்மாபேட்டை தாண்டுனதுலேருந்து மூணு நாலு தடவை கைய நீட்டிட்டீங்கள்ல? நான் பாத்தேன். பாக்காத மாதிரிதான் இருந்தேன். இப்பவும் நீட்டிக்கிட்டுதான் நிக்குறீங்க. கண்டக்டர் விசில் அடிக்கப் போறாரு. தர்றேன், தர்றேன், உங்க பிள்ளைதானே. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வாங்கிக்குங்க. உங்க சொந்தப் பிள்ளைன்னு நீங்க நினைச்ச ஒண்ணுகிட்ட கைய நீட்டிட்டு, அது வருமா வராதான்னு தெரியாம அப்படியே நின்னுருக்கீங்களா? உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?